பிடி

ஏழு வருடமாக எந்த மரத்தையும் தொடாத செல்லபாயின் கை, அந்தச் சனிக்கிழமை, பனிச்சக்கோணம் ரப்பர் சங்கத்துக் கொட்டகையில் ஒரு ஷீட்டுக்குள் இருப்பதாக மூக்கு சொன்னது.

மூக்கு என்பது ஊரார் வைத்த பெயர். அதன் சொந்தப் பெயர் வாயில் நுழையாது. தையல் மிஷினை விடச் சிறிய சாமான். ரப்பர் ஷீட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு கிள்ளி அதன் வாயில் வைத்தால், எந்த விளைத்தோட்டத்தில் எந்த வரிசையில் நின்ற மரத்துப் பால் என்று சொல்லும். அந்த மண்ணில் காடு இருந்ததா, இருந்தால் எப்போது வெட்டினார்கள் என்றும் சொல்லும். காட்டை அழித்து வந்த சரக்கு ஒரு துண்டு கூட வேண்டாம் என்று கடலுக்கு அந்தப்பக்கம் ரப்பர் வாங்குகிறவர்கள் சட்டம் போட்டபோது வந்த மிஷின் அது. நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். செல்லபாயும் சொன்னாள். காடு போனால் மழை போகும், மழை போனால் பாலும் போகும் என்பது அந்த மலையடியில் தெரியாதவர்கள் யார்?

பிறகு மூக்குக்குக் கூர்மை கூடியது. மண்ணைச் சொன்ன மிஷின், பால் வெட்டிய கையையும் சொல்ல ஆரம்பித்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் சங்கத்துச் செயலாளர் தாசையன். செல்லபாய் அப்போது குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். தாசையன் வெயிலில் ஒரு பாறைக்கு அந்தப்பக்கமே நின்றுகொண்டார். இரண்டு கைகளும் சட்டைப் பைக்குள் இருந்தன.

"செல்லபாய், சுத்தியலக் கீழ வை. ஒரு காரியம் சொல்லணும்."

"அங்கயே நின்னு சொல்லுங்க அண்ணே. பக்கத்துல வந்தா உங்களுக்கும் மணம் பிடிச்சிரும்."

தாசையன் சிரிக்கவில்லை. "உனக்க கை ஷீட்டுல வந்திருக்கு."

"எனக்க கை இஞ்சல்லா இருக்கு." கல்தூள் அப்பிய உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"வெளையாடாத. ஷெர்லிக்க ஷீட்டுக் கெட்டுல வந்திருக்கு."

செல்லபாய் விரித்த கைகளை மெல்ல மடக்கினாள். ஷெர்லி அவள் ஒரே மகள். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகிறவள். அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் கையால்தான்.

"அவ என்ன சொன்னா?"

"தொடல்ல, எங்கம்மய நான் தொட்டதே இல்லண்ணு சொன்னா. பின்ன எப்படி வந்து? பறந்தா வந்து?" தாசையன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நீ மரத்தத் தொட்டிருக்கணும், இல்லெங்கி மவளத் தொட்டிருக்கணும். மரத்தத் தொட்டேண்ணா நீ ஊர விட்டுப் போவே. மவளத் தொட்டேண்ணா அவளுக்க கையும் அடைபடும். லோடு மொத்தமும் நிக்குது, கேட்டியா. கப்பலு நமக்காவக் காத்துக் கெடக்காது. ஒரு கையச் சொல்லுங்க, மிச்சத்த விடுதேண்ணு சொல்லுதாரு புது சார். திங்கக்கெழம விசாரணை."

திரும்பி நடந்தவர் கொஞ்ச தூரம் போய் நின்றார். "ஊரு கொதிச்சிக் கெடக்கு. யோசிச்சு வா."

இனி எந்த ரப்பர் பாலையும் தொடக்கூடாது என்று செல்லபாயின் கை அடைபட்ட கதை ஊருக்கே தெரியும். மலையோரத்தில் ஒரு முதலாளியின் தோட்டத்தில் கூலிக்குப் பால் வெட்டினாள். வானத்திலிருந்து எடுத்த பழைய படங்களை யாரோ திரும்ப விரித்துப் பார்த்தபோது, தோட்டத்தின் மேல்பாதி சட்டம் சொன்ன தேதிக்குப் பிறகும் காடாக இருந்தது தெரிந்துவிட்டது. காட்டை வெட்டியது செல்லபாய் இல்லை. அவள் வேலைக்குப் போனபோது ரப்பர் மரங்கள் வெட்டுக்குத் தயாராக வரிசையில் நின்றன. ஆனால் பாலுக்குள் இருந்தது அவள் கை. முதலாளியின் கை எந்தப் பாலிலும் படுவதில்லை, அதனால் மூக்குக்கு அவரைத் தெரியவே தெரியாது. அவர் வேறெங்கோ மரம் நட்டுப் பரிகாரம் செய்தார். தோட்டம் மறுபடி நல்ல பட்டியலில் ஏறியது. கைக்கு அப்படி ஒரு பரிகாரத்தைச் சட்டம் எழுதியவர்கள் நினைக்கவில்லை. காட்டுப் பாலை நல்ல பாலோடு கலப்பது கைதான், கையை அடைத்தால் கலப்பு நிற்கும் என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள்.

அடைபட்ட கை தொட்ட கையிலும் அதன் மணம் ஒட்டும். மறுநாள் அந்தக் கை பாலில் பட்டால் மூக்கு பிடித்துக்கொள்ளும். உறை போட்டு வெட்டவும் வழியில்லை. மரத்தின் வெட்டுவாயில் முந்தின நாள் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை வெறும் விரலால்தான் உரிக்க வரும். ரப்பர் உறை போட்டாலோ, அந்த உறை எந்த நாட்டு ரப்பர் என்று மூக்கு வேறு கேள்வி கேட்கும்.

யாரும் செல்லபாயை விரட்டவில்லை. ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். பொன்னுமணியின் டீக்கடையில் அவளுக்குக் காகிதக் கப் வந்தது. "தப்பா எடுக்காத மைனி, வெட்டுக்காரங்க எல்லாரும் இந்தக் கிளாசத்தானே பிடிக்கிணும்," என்று பொன்னுமணி முதல்நாள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். வேதக்கோயிலில் சமாதான வாழ்த்துக்குக் கை கொடுக்கிற நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் கும்பிட்டாள். அடுத்த ஞாயிறு பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. யார் யாரைத் தொடலாம், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அந்த நாட்டில் முன்பு ஒரு கணக்கு இருந்தது. அதை எதிர்த்து அடிபட்டு, கோயில் கட்டி, எழுத்துப் படித்து மேலே வந்த சனம்தான் இந்த ஊர்ச் சனம். அந்தக் கணக்கு திரும்ப வந்துவிட்டது. இந்த முறை குற்றம் சொல்ல ஆள் இல்லை. சொன்னது மிஷின்.

வீட்டிலும் அப்படித்தான். பின்பக்கம் கூரை இறக்கிய சாய்ப்பில் செல்லபாய். முன்பக்கம் ஷெர்லி. சோற்றுத் தட்டு துணி துவைக்கிற கல்லின் மேல் வந்து இருக்கும். ஷெர்லி உள்ளே போன பிறகு செல்லபாய் எடுத்துக்கொள்வாள். ஷெர்லியின் புருஷன் வெளிநாடு போனவன், போனில் குரல் மட்டும் எப்போதாவது வரும். வயிற்றுப் பிள்ளை ஏழாம் மாதத்தில் கலைந்து ஆசுபத்திரியில் கிடந்தபோது மகளைத் தாங்கிப் பிடித்தது யாரோ ஒரு நர்ஸ். செல்லபாய் வராந்தாவில் நின்றாள். உள்ளிருந்து "அம்மா" என்று கேட்டது. அவள் கதவில்கூடக் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து, ஷெர்லி அடுக்களைப் படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். செல்லபாய் சாய்ப்பிலிருந்து வெளியே வந்ததும் கத்தியைத் துண்டால் மூடினாள். முற்றம் நடுவில் கிடந்தது.

"அம்மா, நேராச் சொல்லு. நீ விளைக்கு வந்தியா?"

"இல்ல மக்ளே."

"பின்ன எப்படி?"

பதில் செல்லபாயிடம் இருந்தது. போன மாதம் ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, ஷெர்லி காய்ச்சலில் பிதற்றுகிற சத்தம் சாய்ப்பு வரை கேட்டது. செல்லபாய் வாசல்படி வரை போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். மகளின் நெற்றியில் கையை வைத்தாள். சுட்டது. ஷெர்லி கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடு தணியும் வரை செல்லபாய் அசையவில்லை. பிறகு ஈரத்துணியில் சோப்பைத் தேய்த்து, தூங்குகிறவளின் நெற்றியையும் உள்ளங்கையையும் விரல் இடுக்குகளையும் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. துடைத்தது போதவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

"நாளைக்கு நீ ஒண்ணும் பேசாத," என்றாள் ஷெர்லி. "நான் பாத்துக்கிடுதேன்."

"நீ என்னத்தப் பாப்பே?"

"பாத்துக்கிடுதேண்ணு சொன்னேன்லா."

அவள் துண்டோடு கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செல்லபாய் முற்றத்தில் நின்று சாய்ப்பைப் பார்த்தாள். ஒரு கட்டில், இரண்டு பாத்திரம், ஒரு குடை. ஊர் எல்லையை விட்டுப் போகச் சொன்னால் எடுத்துப் போக அதிகம் இல்லை. மரத்தைத் தொட்டது நான்தான் என்று சொல்லிவிட வேண்டியது. ஷெர்லிக்குக் காய்ச்சல் கிடந்த நாட்களைச் சொன்னால் கணக்குப் பொருந்தும். போகிற இடத்தில் எங்காவது ஜல்லி இல்லாமலா இருக்கும்?

திங்கட்கிழமை சங்கக் கொட்டகையில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் கட்டுக்கட்டாக ஷீட்டுகள் அடுக்கியிருந்தன. மறுபக்கம் ஆட்கள். செல்லபாய் உள்ளே வந்ததும் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பெரிய அதிகாரிக்குக்கூட அப்படி வழி கிடைக்காது.

புது அதிகாரி இளம்பரிதி பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன். மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே இருந்தான்.

"மூக்கு வச்சிருக்கப்பட்ட ஆளுக்கே சளி," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"உக்காருங்கம்மா," என்றான் இளம்பரிதி. பிளாஸ்டிக் உறை போட்ட கையால் நாற்காலியைக் காட்டினான். "உங்க பொண்ணு கொண்டுவந்த கட்டுல உங்க கை இருக்குது. எப்படின்னு நீங்களே சொல்லிட்டா நல்லதுங்க."

ஷெர்லி எழுந்தாள். "சார், நான் சொல்லுதேன்."

"இரிடி." செல்லபாயின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "கேட்டது என்கிட்டல்லா? நான்தான் வெட்டுனேன் சார். அவளுக்குக் காய்ச்சலு. ஒரு வாரம் எழும்பல்ல. மரம் சும்மா நிக்குதேண்ணு போனேன். அவளுக்குத் தெரியாது."

கூட்டத்தில் இரைச்சல் எழுந்தது.

"மரத்து மேல என்ன பாசம் பாத்தியா."

"பாசம் அவளுக்கு. பட்டினி நமக்கு."

"அடைச்ச அண்ணைக்கே எல்லைக்கு வெளிய விட்டிருக்கணும்."

"அம்மா, கள்ளம் சொல்லாத!" ஷெர்லியின் முகம் வெளுத்திருந்தது.

தாசையன் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. "அவளே ஒத்துக்கிட்டா சார். எழுதிருங்க. லோட ஏத்தலாமா?"

இளம்பரிதி செல்லபாயைப் பார்த்தான். "எழுதினா இந்த மாசத்துக்குள்ள நீங்க எல்லையைத் தாண்டிப் போயிடணும். தெரியுங்களா?"

"தெரியும். எழுதுங்க."

"அப்ப ஒரே ஒரு தடவை உள்ளங்கையை இதுல வைங்க. இன்னைக்குத் தேதிக்கு ஒரு பதிவு வேணும்."

கண்ணாடித் தட்டில் அவள் வலது கையை வைத்தாள். மூக்கு தேனீ போல இரைந்தது. இளம்பரிதி திரையைப் பார்த்தான். பஞ்சை நனைத்து அவள் உள்ளங்கையைத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னான். பிறகு இடது கை. பிறகு மறுபடி வலது கை. ஷீட்டிலிருந்து இன்னொரு துண்டு கிள்ளி அதையும் வைத்தான்.

"இந்த ஷீட்டுல இருக்கற கை இது இல்லீங்கம்மா," என்றான்.

"என்ன சார் சொல்லுதிய?" தாசையன் எழுந்தே விட்டார். "சனிக்கெழம இதே மிஷின்தானே செல்லபாய்ண்ணு சொல்லிச்சு."

"சொல்லுச்சு. ஏழு வருஷத்துக்கு முன்னால எடுத்த செல்லபாய். அந்தப் பதிவோட இந்த ஷீட்டு அச்சு மாறாம ஒத்துப்போகுது. அதான் இடிக்குது." அவன் தும்மிவிட்டுத் தொடர்ந்தான். "உள்ளங்கையில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல குடியிருக்குதுங்க. ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு கூட்டம். பால்ல கை பட்டா அதுல கொஞ்சம் உள்ள போய், பால் உறையறப்ப அப்படியே அடைஞ்சு நின்னுடுது. மூக்கு படிக்கறது அதைத்தான். ஆனா உள்ளங்கையும் ஒரு ஊரு மாதிரிதானுங்க. ஊருல ஏழு வருஷம் அதே ஆளுங்க அதே வீட்டுல அப்படியேவா இருப்பாங்க? பொறப்பாங்க, சாவாங்க, வெளியூர்க்காரன் வந்து சேருவான். மாறவே மாறாம இருக்குதுன்னா அது உயிருள்ள கை இல்லை. எங்கயோ பாலுக்குள்ள பூட்டி வச்ச கை. அந்தக் காலத்துச் சாமான் ஏதாச்சும் வீட்டுல இருக்குதுங்களா?"

"எல்லாத்தையும் அண்ணைக்கே பிடுங்கிட்டுப் போனிய," என்றாள் செல்லபாய். "கத்தி, வாளி, பால் பிடிக்கிற சிரட்டை, எல்லாம்."

"இருக்கு," என்றாள் ஷெர்லி.

அவள் மடியிலிருந்து துண்டுப் பொதியை எடுத்து மேசை மேல் வைத்துப் பிரித்தாள். பால்வெட்டுக் கத்தி. அலகு புதிது, பளபளத்தது. பிடி கறுத்துப் போயிருந்தது. மரப்பிடியின் மேல் ஒட்டுப்பால் நாடாவைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. அதில் நான்கு விரல்களும் ஒரு பெருவிரலும் அழுந்திய பள்ளம். ஓரங்களில் நாடா பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

செல்லபாய் அதை அடையாளம் கண்டுகொண்டாள். தன் கையை யாரோ மேசையில் வெட்டி வைத்தது போல இருந்தது.

கை அடைபட்ட அன்றைக்கு அவளிடம் கத்தியைக் கொடு என்றுதான் கேட்டார்கள். அலகைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பக்கத்து வெட்டுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கொல்லனிடம் தீட்டக் கொடுக்கும்போதும் அலகுதான் போகும். அலகு தேயும், மாறும். பிடி மாறாது, வெட்டுகிறவர் செத்தால்தான் அதற்கு வேலை முடியும். பிடி கையோடு சேர்ந்தது. அதைக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. சாய்ப்புக் கூரையில் சொருகி வைத்தாள். கறையான் தின்றிருக்கும் என்று நினைத்து மறந்தும் போனாள்.

"எப்பம் எடுத்தே?"

"கல்யாணம் கழிஞ்சு வெட்டுக்கு வந்தப்பம்." ஷெர்லி அம்மாவைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னாள். "புதுப் பிடி எனக்குச் சரிப்படல்ல சார். கை பொத்துது. எங்கம்ம வெட்ட வரல்ல. அவ என்னத் தொடவும் இல்ல. இத எடுத்தது நான். எனக்க கைய அடைச்சிட்டு லோட விடுங்க."

செல்லபாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் காப்பாற்றியது இப்படியா போகும்?

இளம்பரிதி உதிர்ந்த பொடியில் ஒரு துணுக்கை எடுத்து மூக்கில் வைத்தான். இந்த முறை சத்தம் குறைவாகவே வந்தது.

"இதேதான். பழசாகி இப்பதான் நாடா உதிர ஆரம்பிச்சிருக்குது, இல்லீங்களா? வெட்டறப்ப தூளு சிரட்டைக்குள்ள விழுந்திருக்கும்." அவன் நிமிர்ந்தான். "சாமான் மூலமா வந்தா கைக்குத் தடை இல்லை. சட்டத்துல அப்படித்தான் இருக்குது. சாமானை எரிக்கணும். அந்த ஒரு கட்டு ஷீட்டை மட்டும் எடுத்துட்டு மிச்ச லோடைக் கொண்டுபோங்க."

கொட்டகை முழுவதும் மூச்சு விட்டது. ஆட்கள் ஷீட்டுகளைத் தூக்க ஓடினார்கள். சற்று முன் பட்டினி என்று சொன்னவன் ஷெர்லியிடம் வந்து, "நீ நல்ல ஆளு, கொள்ளாம் பிள்ளே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அத யாரு கொண்டு எரிக்க?" என்று தாசையன் கேட்டார். எல்லோரும் கத்தியைப் பார்த்தார்கள். அருகில் போக யாரும் விரும்பவில்லை.

"நான் எடுக்குதேன்," என்றாள் செல்லபாய்.

"ஷீட்டு உணத்துத புகைக்கூட்டு அடுப்புல போட்டுராத, தாயே. அந்தப் புகை ஷீட்டுல பிடிச்சா அடுத்த வாரமும் நமக்கு இதே திருவிழாதான்," என்றார் தாசையன்.

கொட்டகைக்குப் பின்னால் சருகு கூட்டி நெருப்பு வைத்தாள். அலகைத் தட்டிக் கழற்றிவிட்டுப் பிடியைக் கையில் எடுத்தாள். விரல்கள் தானாகப் பள்ளத்தைத் தேடின. பொருந்தவில்லை. சுத்தியல் பிடித்துப் பிடித்து விரல் கணுக்கள் வீங்கியிருந்தன, உள்ளங்கை தடித்திருந்தது. தன்னுடைய பிடியையே ஒருமுறை சரியாகப் பிடிக்க முடியாமல் அதை நெருப்பில் போட்டாள். கறுத்த புகை நாற்றத்தோடு எழுந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் இளம்பரிதி போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சு மட்டும் கேட்டது.

"ஆமாங்க சார், கத்திப்பிடிதான். சரியாயிடுச்சு... இல்லைங்க சார், இன்னொண்ணு. அந்தம்மா கையை வச்சுப் பாத்தேன். பதிவோட ஒத்துப்போகலை. ஆமாங்க, அந்தக் கையே இப்ப இல்லைங்க... தெரியுதுங்க சார். ஒரு கையைத் திறந்தா எல்லாக் கையையும் திறந்து பாக்கணும்தான்... ஆனா சார்..." பிறகு குரல் இறங்கியது. "சரிங்க. கத்தின்னு மட்டும் எழுதறேன்."

அவன் சுவரைச் சுற்றி வந்தபோது செல்லபாய் நெருப்பருகே குந்தியிருந்தாள். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் போல நின்றான்.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுது. புரியல்ல."

அவனும் எதிரில் குந்தினான். "மூக்கு அடைபட்ட கைகளை மட்டும்தான் தேடும். மத்த கையை அது கண்டுக்காது. சந்தையில மீதிக் காசு வாங்கினாலே எத்தனையோ பேர் கை ஒட்டும், எல்லாத்தையும் தேடினா எந்த ஷீட்டும் வெளிய போகாது. உங்க பேர்ல அடைச்சு வச்சிருக்கறது அந்தப் பழைய கையை. கல்லு உடைச்சு உடைச்சு உங்க கையில இப்ப வேற கூட்டம் குடியேறிடுச்சு. இந்தக் கையை மூக்குக்குத் தெரியாது."

செல்லபாய் நெருப்பைப் பார்த்தபடியே இருந்தாள். "போன மாசம் அவளுக்குக் காய்ச்சலு. நெத்தியில கை வச்சேன் சார். அவ எனக்க கையப் பிடிச்சா. அதுதான் ஷீட்டுல வந்துதுண்ணு நெனச்சேன்."

"அதுல எதுவுமே வரலைங்கம்மா."

"ஒண்ணும் வரல்லியா?"

"எதுவும் வரலை. நீங்க தொட்டிருந்தா எப்பவும் எதுவும் வந்திருக்காது. கை மாறினதுக்கு அப்பறம்."

"அது எப்பம் மாறிச்சு?"

"தெரியாதுங்க. நடுவுல யாரும் பாக்கலை. முதல் வருஷத்துலயே மாறியிருக்கலாம். போன வருஷமாவும் இருக்கலாம்."

"அவளுக்கு வயித்துப் பிள்ளை போச்சு. மூணு வருசம் ஆச்சு. நான் வெளிய நின்னேன்." அவள் தலை நிமிர்ந்தாள். "அதுக்கு முன்னயா சார், பொறவா?"

இளம்பரிதி தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டான். இவ்வளவும் பேசியபோதும் அவன் உறையைக் கழற்றியிருக்கவில்லை.

"பதிவுல உங்க கை அடைபட்டேதான் இருக்கும்," என்று கடைசியில் சொன்னான். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க." எழுந்து போனான். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஷெர்லி ரோட்டில் காத்திருந்தாள். இருவரும் வழக்கம் போல ரோட்டின் இரண்டு ஓரத்தில் நடந்தார்கள். பொன்னுமணி கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "மைனி, சாயா குடிச்சிட்டுப் போ," என்று கூப்பிட்டான். அவன் கையில் காகிதக் கப் தயாராக இருந்தது. செல்லபாய் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கலுங்குப் பாலத்தைத் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்ததும் செல்லபாய் எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். காய்ச்சலன்று தொட்டதையும் சொன்னாள்.

ஷெர்லி நின்றுவிட்டாள். "சொப்பனம்ணு நெனச்சேன். சொப்பனத்துல யாரோ கல்லுக் கையி வச்சு என் தலையப் பிடிச்சதுபோல."

"யாரோ இல்ல. நான்தான்."

ஷெர்லி ரோட்டைக் குறுக்கே கடந்து வந்தாள். செல்லபாயின் கை தானாக முந்தானைக்குள் போய் ஒளிந்தது. ஷெர்லி அதை வெளியே இழுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பிடியைத் தடவுகிறவள் போல விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் குழப்பம் வந்தது.

"பிள்ளை போனதுக்குப் பொறவு," என்றாள், "காலத்த விடியுமுன்ன மரத்துக்குப் போகச்சில அந்தப் பிடியத்தான் பிடிச்சிட்டு நடப்பேன். நீ கூட வாற மாதிரி இருக்கும். உனக்க விரலு எங்கெங்க அழுந்தும்ணு எனக்கு நல்லாத் தெரியும்." செல்லபாயின் பெருவிரலை அழுத்திப் பார்த்தாள். "இது அந்தக் கை இல்லம்மா."

"அத நான் எரிச்சிட்டேன் மக்ளே."

ஷெர்லி கண்ணைத் திறக்கவில்லை. கையை விடவும் இல்லை. ஒவ்வொரு காய்ப்பாக, முதலிலிருந்து, மறுபடி தடவ ஆரம்பித்தாள்.